இலவச நிரலுக்கு யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மருத்துவமனைக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைப் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பகுதியையே நிரப்பிவிட்டன, பெரும்பாலானவை பாயான் லெப்பாஸ், பிறை பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களிடமிருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வேலை இடத்துச் சங்கதி என்பதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: நாங்கள் நோயாளிக்குச் சிறுகச் சிறுக மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப் செய்கிறோம். மென்பொருள் குழுவில் ஆறு பேர். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, அதாவது ஸ்பிரிண்ட், என்று அஜைல் முறையில் வேலை நடக்கிறது. எங்கள் தரக்கட்டுப்பாட்டு மேலாளரோ, "ஐஇசி 62304-க்கு அஜைல் ஆகாது, எல்லாத் தேவைகளையும் முதலில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிரலைத் தொட வேண்டும்" என்கிறார். அப்படியா அண்ணா? – வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: அப்படி இல்லை தங்கச்சி. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான சர்வதேசத் தரமான 62304 வந்தது 2006-இல், திருத்தம் 2015-இல். இந்த முறையில்தான் வேலை செய்ய வேண்டும் என்று அது எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. என்னென்ன வேலை நடந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் மிஞ்ச வேண்டும் என்றுதான் சொல்கிறது. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி, 2011-இல் வந்தது, அதுவும் இப்படித்தான்: ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக எது கையில் இருக்க வேண்டும் என்பதை நீங்களே வரையறுத்து, அதன்படி நடந்ததைக் காட்டச் சொல்லும். மருத்துவக் கருவிக்கு அஜைலை எப்படிப் பொருத்துவது என்று அமெரிக்காவின் ஏஏஎம்ஐ அமைப்பு டிஐஆர்45 என்ற வழிகாட்டியை 2012-லேயே வெளியிட்டுவிட்டது. உங்கள் மேலாளர் கையில் அதைக் கொடுங்கள். ஒரு கட்டம் முழுதும் முடிந்த பிறகே அடுத்தது என்ற முறைக்கு எல்லாரும் 'வாட்டர்ஃபால்' என்று மேற்கோள் காட்டும் படம்கூட 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் உள்ளது. அதை அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்று அவரே அங்கே எழுதியிருக்கிறார்.

ஆனால் உங்கள் மேலாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பதினான்கு ஸ்பிரிண்ட் ஜோராக ஓடியது, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை டெமோ, எல்லாருக்கும் திருப்தி. ஆவணம் மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். ஆடிட்டுக்கு ஏழு வாரம் இருக்கும்போது எக்செல்லைத் திறந்து, எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட் என்று வரி வரியாக இணைக்க உட்கார்ந்தோம். ஒரு வரியில், பேட்டரி 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருந்து ஏறுவது நிற்கக் கூடாது, எச்சரிக்கை ஒலி எழ வேண்டும் என்று இருந்தது. அதற்கு நேரே டெஸ்ட் கட்டம் காலி. சரி, நிரலிலாவது இருக்கிறதா என்று தேடினால் ஒலி எழுப்பும் வரி இருந்தது, கணினி அதைத் தாண்டிப் போகும்படி முன்னால் கமெண்ட் குறி போட்டு மூடப்பட்டு. டெமோ அறையில் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நான்காவது ஸ்பிரிண்ட்டில் யாரோ மூடியிருக்கிறார்கள், திறக்க மறந்துபோயிருக்கிறார்கள். அப்புறம் பத்து ஸ்பிரிண்ட் போயிற்று, நான் உட்பட யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பட்டர்வொர்த் ஃபெர்ரியில் திரும்பும்போது, என் அம்மா அதற்கு முந்தின வருஷம் மருத்துவமனையில் இரவெல்லாம் இதே மாதிரி ஒரு பம்ப் பக்கத்தில் படுத்திருந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. நர்ஸ் அந்த ஒலியை நம்பித்தானே அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

அதனால் 'முடிந்தது' என்ற சொல்லுக்கு உங்கள் குழுவில் என்ன பொருள் என்பதை மாற்றுங்கள். நிரல் ஓடுகிறது, டெமோவில் கைதட்டினார்கள் என்பதற்காக ஒரு வேலை முடிந்ததாகிவிடாது. அந்த வேலையின் தேவை எண், அதனால் புதிதாக ஏதாவது அபாயம் வருகிறதா என்று பார்த்த குறிப்பு, அதற்கான டெஸ்ட், டெஸ்ட் ஓடிய முடிவு, எழுதாத இன்னொருவர் படித்துப் பார்த்துப் போட்ட ஒப்புதல் எல்லாம் நிரலோடு சேர்ந்தே, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற வேண்டும். தேவை எண்ணை டெஸ்ட்டின் தலைப்பிலேயே எழுத வையுங்கள். ஒவ்வோர் இரவும் பில்ட் ஓடும்போது, அதாவது நிரல் முழுவதையும் திரும்பக் கட்டிச் சோதிக்கும்போது, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, டெஸ்ட் இல்லாத தேவை ஒன்று இருந்தாலும் பில்ட்டைச் சிவப்பாக்கட்டும். எங்களுக்கு இது இருந்திருந்தால் அந்த ஒலி வரி மூடிய அன்று ராத்திரியே தெரிந்திருக்கும். சொல்லப்போனால், ஒழுங்காகச் செய்கிற அஜைல் குழுவிடம் ஆடிட் அன்று இருக்கும் ஆதாரம், பழைய முறையில் கடைசி மூன்று மாதத்தில் உட்கார்ந்து எழுதியதைவிட நம்பகமானது, ஏனென்றால் வேலை நடந்த அன்றே எழுதப்பட்டது.

ஒன்றை மட்டும் ஸ்பிரிண்ட்டுக்குள் துண்டு துண்டாக விடாதீர்கள். முழுக் கருவியையும் முன்னால் வைத்து, எது தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் அபாய ஆய்வு முதலில் வர வேண்டும், பிறகு ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 737 மேக்ஸ் விமானங்களில் நடந்தது நினைவிருக்கும், 2018 அக்டோபர் 29-இல் ஜாவாக் கடலில் 189 பேர், 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள். மூக்கைக் கீழே தள்ளிய அந்த மென்பொருள் தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பிச் செயல்படும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்தது, அந்த சென்சார் தப்பாகச் சொன்னால் விமானிக்கு என்ன நேரும் என்பதைத் தேவை எழுதிய கட்டத்தில் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள். எத்தனை டெஸ்ட் ஓட்டினாலும் அந்த ஓட்டை டெஸ்ட்டில் தெரியாது.

கேள்வி: எங்கள் கருவியில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. போன ஆடிட்டில் "இதை எழுதியவர்கள் யார், எந்த முறைப்படி எழுதினார்கள்?" என்று கேட்டார்கள், நாங்கள் வாயடைத்து நின்றோம். நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? – வாசகர், பிறை

பதில்: வேண்டியதில்லை. ஆனால் காசு எங்கே போகிறது என்று புரிந்துகொண்டு முடிவெடுங்கள். நீங்கள் சொல்லும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கே ஒரு உடன்பிறப்பு உண்டு, சேஃப்ஆர்டிஓஎஸ். வேலை செய்யும் விதம் ஒன்றுதான், ஆனால் பாதுகாப்புத் தரத்துக்கென்று திரும்ப எழுதி, வடிவமைப்பு ஆவணம், டெஸ்ட் முடிவு எல்லாம் கட்டி விற்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தக் கட்டுக்குத்தான். அதைச் சொந்தமாக உருவாக்கும் தெம்பு உங்கள் குழுவுக்கு இருந்தால் இலவசத்தோடு போகலாம், இல்லாவிட்டால் வாங்குவதுதான் மலிவு. நான் பார்த்தவரை பத்து பேருக்குக் குறைவான குழு இயங்குதளத்துக்கு ஆதாரம் தயாரிக்க உட்கார்ந்தால் சொந்தக் கருவிக்கு நேரம் மிஞ்சாது.

62304 இப்படி வெளியிலிருந்து வரும் மென்பொருளுக்கு 'சூப்' என்று பெயர் வைத்திருக்கிறது, பிறப்பு வளர்ப்பு தெரியாத மென்பொருள் என்று அர்த்தம். தடை இல்லை. பெயரும் பதிப்பு எண்ணும் எழுதி வைக்க வேண்டும். அது உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும், எவ்வளவு வேகத்தில் என்று தேவை எழுத வேண்டும். அது ஓட என்ன வன்பொருள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு, அதில் ஏற்கனவே தெரிந்த பிழைகளின் பட்டியலைப் படித்து, இந்தப் பிழை நம் கருவியில் நோயாளியைத் தொடுமா என்று ஒவ்வொன்றாக முடிவு எழுத வேண்டும். இந்தக் கடைசி இடத்தில்தான் ஓப்பன் சோர்ஸ் ஜெயிக்கிறது. மூடிய மென்பொருள் விற்கிறவர் தன் பிழைப் பட்டியலை எவ்வளவு காட்டுவார் என்பது அவர் மனசு. திறந்த திட்டத்தில் எல்லாம் வெளியே கிடக்கிறது, யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்பதுகூட. ஆனால் வெளியே கிடப்பதை நீங்கள் போய்ப் படிக்க வேண்டும். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது அது இரண்டு வருஷத்துக்கும் மேலாக எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. உலகமே பார்க்கலாம் என்றால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுகிறோம்.

சொந்தமாக எழுதியது, காசு கொடுத்தது என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தெரக்-25 கதிர்வீச்சுக் கருவி 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிரைப் பாய்ச்சியது, குறைந்தது மூன்று பேர் உயிர் போயிற்று. அதன் மென்பொருள் வெளியிலிருந்து வந்ததல்ல, அதே நிறுவனத்தின் பழைய கருவியிலிருந்து எடுத்துவந்தது. பழைய கருவியில் தவறு நடந்தால் தடுக்கும் வன்பொருள் பூட்டு இருந்தது, அதனால் பிழை இருந்தும் யாரையும் சுடவில்லை. புதியதில் பூட்டை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். 1996 ஜூன் 4-இல் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியதும் ஏரியான்-4-இன் நிரலை அப்படியே வைத்ததால்தான். 'அங்கே ஓடியது' என்பது இங்கே ஓடும் என்பதற்கு ஆதாரம் ஆகாது, அது இலவசமோ சொந்தமோ.

நல்ல உதாரணம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது, ஏர்பஸ் ஏ350 விமானத்திலும் இருக்கிறது. நிரல் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. அதன் டெஸ்ட் நிரல் மூல நிரலைப் போல் சுமார் 590 மடங்கு. விமானத் தரத்தைப் பார்த்து, அதன் கடுமையான அளவுகோலுக்கு டெஸ்ட் எழுதினார்கள், அந்த டெஸ்ட் தொகுப்பை மட்டும் இலவசமாகத் தருவதில்லை, உரிமம் வாங்கித்தான் பெற முடியும்.

கேள்வி: எங்கள் கருவி 'சி வகுப்பு' என்று பதிவாகியிருக்கிறது. அப்படியானால் 62304-இல் மென்பொருளும் சி வகுப்புதானே? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இல்லை, இரண்டும் வேறு கணக்கு. மலேசியாவின் 2012 மருத்துவக் கருவிகள் சட்டம், அதாவது சட்டம் 737, கருவியை ஏ முதல் டி வரை பிரிக்கிறது, டி-தான் உச்சம். 62304 மென்பொருளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது, அங்கே சி-தான் உச்சம், தவறினால் சாவோ கடுமையான காயமோ நேரலாம் என்றால் அது. எழுத்து ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. அபாய ஆய்வைத் திறந்து மென்பொருளின் வகுப்பைத் தனியாக முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வாரத்தில் மூன்று நாள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறுகிறேன், ஓட்டுநரே இல்லை. இப்போது ரயில் மென்பொருளையும் ஓப்பன் சோர்ஸ் ஆக்கப் போகிறார்கள் என்று பேரன் சொல்கிறான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் எப்படி ஐயா நம்பி ஏறுவது? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் பேரன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் 'ஓப்பன்இடிசிஎஸ்' என்று ஒரு திட்டம் 2012-இல் தொடங்கி நடந்தது, ரயில் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்த முறையில் எழுத முடியுமா என்று ஜெர்மன் ரயில்வேயும் மற்றவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். ரயில்வேக்கு இதில் ஏன் அக்கறை என்றால், ஒரு ரயில் முப்பது நாற்பது வருஷம் ஓடும், மென்பொருள் விற்ற நிறுவனம் அதுவரை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதற்கு அர்த்தம், அவரவர் தம் நகலைத் திருத்தலாம் என்பதுதான். நூலகத்துப் புத்தகத்தை நகல் எடுத்து வீட்டில் கிறுக்கினால் நூலகத்துப் பிரதி மாறாது, அது மாதிரி. ரயிலில் ஏறும் பிரதி வேறு பாதையில் வருகிறது. ரயில் மென்பொருளுக்கான இஎன் 50128 தரம் (2023-இல் அதன் இடத்துக்கு இஎன் 50716 வந்தது), உயர்ந்த நிலைகளில் எழுதுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அதற்கு மேல் சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவர் வேண்டும் என்கிறது. நீங்கள் ஏறும் கெலானா ஜெயா பாதை 1998-லிருந்தே ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது.

உங்கள் சந்தேகத்தை ஒதுக்கவும் மாட்டேன். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய திறந்த மென்பொருளில் ஒருவர் வருஷக்கணக்காக நல்லவராகப் பழகி, பராமரிக்கும் பொறுப்பில் பங்கு வாங்கி, கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தது தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டினார். நிரல் திறந்து கிடந்ததால்தான் தோண்ட முடிந்தது. அதே சமயம், வெளியிலிருந்து வருவதை அப்படியே ரயிலில் ஏற்றக் கூடாது, ஒரு பதிப்பை நிறுத்திப் பிடித்துச் சோதித்த பிறகே ஏற்ற வேண்டும் என்பதற்கும் அது பாடம்.

கேள்வி: பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற லினக்ஸ் இயங்குதளம் எங்கே கிடைக்கும்? – வாசகர், செந்தூல்

பதில்: விமானத்தில் மென்பொருளுக்குத் தனியாகச் சான்றிதழ் கிடையாது, விமானத்துக்கோ எஞ்சினுக்கோதான் கொடுப்பார்கள், மென்பொருள் ஆதாரம் அதற்குள் ஒரு பகுதியாகப் போகும். லினக்ஸைப் பாதுகாப்பு வேலைக்கு எப்படி வாதிட்டு நிறுவுவது என்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் 'எலிசா' திட்டம் 2019-லிருந்து உழைக்கிறது. அவர்களே, சான்றிதழோடு ஒரு லினக்ஸைக் கையில் கொடுப்பது எங்கள் நோக்கமில்லை என்று தெளிவாகச் சொல்கிறார்கள். சிறிய கருவி என்றால் 'செஃபிர்' என்ற சிறு இயங்குதளத்தைப் பாருங்கள், மின்னணுக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 61508 தரத்தைக் குறிவைத்து அங்கே திறந்த முறையில் வேலை நடக்கிறது.

கேள்வி: இறுதியாண்டு மாணவன். எம்சிடிசி கவரேஜ் என்று படித்தேன், புரியவில்லை. இலவசக் கருவிகளை வைத்து என் லேப்டாப்பில் செய்து பார்க்க முடியுமா அண்ணா? – வாசகர், கெலுகோர்

பதில்: முடியும் தம்பி. கவரேஜ் என்றால், டெஸ்ட்டுகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்ற அளவு. பம்ப்பையே எடுத்துக்கொள்வோம். கதவு திறந்திருந்தால் அலாரம் அடிக்க வேண்டும், அல்லது குழாயில் காற்றுக் குமிழும் இருந்து பம்ப்பும் ஓடிக்கொண்டிருந்தால் அடிக்க வேண்டும். மூன்று நிபந்தனை: கதவு, காற்று, ஓட்டம். நிரலில் இப்படி: கதவு அல்லது, காற்றும் ஓட்டமும்.

இப்போது எழுதியவர் கை தவறி 'உம்' வர வேண்டிய இடத்தில் 'அல்லது' போட்டுவிட்டார் என்று வையுங்கள். கதவைத் திறந்து ஒரு டெஸ்ட், அலாரம் அடிக்கிறது. எல்லா வரியும் ஒரு தடவை ஓடிவிட்டது, டிஓ-178சி-இல் சி நிலைக்கு (இங்கே ஏ-தான் உச்சம்) இந்த அளவே போதும். மூன்றும் இல்லாமல் இன்னொரு டெஸ்ட், அலாரம் அடிக்கவில்லை, ஆம் இல்லை இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, பி நிலைக்கும் போதும். பிழை இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஏ நிலை, அதாவது தவறினால் விமானமே போகும் என்ற இடத்தில், ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக நின்று முடிவை மாற்றுகிறது என்று காட்டச் சொல்கிறார்கள், அதுதான் எம்சிடிசி. மூன்று நிபந்தனைக்கு எட்டுச் சேர்க்கை உண்டு, இதில் நான்கு போதும். கதவு திறப்பு, காற்று உண்டு, ஓட்டம் இல்லை: அடிக்கணும். கதவு மூடல், காற்று உண்டு, ஓட்டம் இல்லை: அடிக்கக் கூடாது. கதவு மூடல், காற்று உண்டு, ஓட்டம் உண்டு: அடிக்கணும். கதவு மூடல், காற்று இல்லை, ஓட்டம் உண்டு: அடிக்கக் கூடாது. முதல் இரண்டும் கதவை மட்டும் மாற்றுகின்றன, இரண்டாவதும் மூன்றாவதும் ஓட்டத்தை மட்டும், மூன்றாவதும் நான்காவதும் காற்றை மட்டும். மருத்துவக் கருவிக்கு 62304 எம்சிடிசியைக் கேட்பதில்லை, ஆனால் அலாரம் சம்பந்தப்பட்ட நிரலுக்கு நான் செய்யாமல் விடுவதில்லை.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்களான ஜிசிசி 14, கிளாங் 18 இரண்டும் 2024-லிருந்து இந்த அளவீட்டைத் தருகின்றன, இரண்டும் இலவசம். நிஜ வேலையில் ஒரு கருவி சொல்வதை நம்பிச் சரிபார்ப்பைக் குறைத்தால் அந்தக் கருவிக்கும் தகுதிச் சான்று காட்ட வேண்டும். ரஸ்ட் மொழிக்கான ஃபெர்ரோசீன் என்ற திறந்த கம்பைலர் 2023-இல் கார், தொழிற்சாலைத் தரங்களுக்கு அப்படித் தகுதி பெற்றது. படிப்புக்கு அதெல்லாம் வேண்டாம். ஒன்று மட்டும் பழகுங்கள், டெஸ்ட்டை நிரலைப் பார்த்து எழுதாதீர்கள், தேவையைப் பார்த்து எழுதுங்கள். நிரலைப் பார்த்து எழுதினால் அந்தத் தவறான 'அல்லது'க்கும் ஒத்துப்போகும் டெஸ்ட்டையே எழுதிவிடுவீர்கள், கவரேஜ் நூறு விழுக்காடு காட்டும்.

மேலே உள்ள நான்கையும் டெஸ்ட்டாக எழுதிவிட்டு, நிரலில் 'உம்'-ஐ 'அல்லது' ஆக்கி ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதும் நான்காவதும் சிவப்பாக வரும். வராவிட்டால் டெஸ்ட்டையும் நிரலையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.